ஆழக் கிணறும் சின்ன வாளியும்: பசிபிக் தீவுகளின் இணையம்

துவாலு என்ற நாட்டின் மொத்தப் பரப்பு 26 சதுர கிலோமீட்டர். ஒன்பது தீவுகள், சுமார் பதினோராயிரம் பேர். பத்து வருடங்களுக்கு முன்பு அந்த நாட்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருந்த இணையத் தொடர்பு செயற்கைக்கோள் வழியாகத்தான். அதன் கொள்ளளவு நொடிக்குச் சுமார் 16 மெகாபிட். இன்று நம் தெருவில் வீட்டுக்கு ஃபைபர் இழுத்துக் கொடுப்பவரிடம் போய் 16 மெகாபிட் பிளான் கேட்டால், அப்படி ஒன்றே இல்லை என்று சிரிப்பார். அதை ஒரு நாடே பங்குபோட்டுக்கொண்டது. மெதுவாகத்தான் இருந்திருக்கும், இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றலாம்.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ரிச் ஸ்பைடல் என்ற ஆராய்ச்சியாளரின் குழு அந்த வருடங்களில் துவாலுவிலும், நியுவே என்ற இன்னொரு குட்டித் தீவு நாட்டிலும், குக் தீவுகளின் ரரோடோங்காவிலும் கருவிகளை வைத்து அளந்து பார்த்தது. துவாலுவில் கிடைத்த விடை விசித்திரமானது. பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது என்று மக்கள் அலுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், இருந்த கொஞ்ச நஞ்ச கொள்ளளவிலும் ஒரு பகுதி சும்மா கிடந்தது. நெரிசல் என்று பாக்கெட்டுகள் (இணையத்தில் தகவல் போகும் சின்னச் சின்னப் பொட்டலங்கள்) ஒரு பக்கம் தூக்கி எறியப்படுகின்றன. இன்னொரு பக்கம் பாதையில் இடம் காலியாக இருக்கிறது. ரோடு காலி, ஆனால் வண்டி நகரவில்லை.

இந்தப் புதிரை அவிழ்த்தால், தூரத்துத் தீவு நாடுகளின் இணையத்தில் என்ன கோளாறு என்பதில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி வேறு விஷயம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கிணற்றின் ஆழம்

இணைய வேகம் என்றாலே நாம் மெகாபிட் கணக்கைத்தான் பேசுகிறோம். கிணற்றில் தண்ணீர் இறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பது வாளியின் அளவைப் பொறுத்தது. ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை இறைக்கலாம் என்பது கிணற்றின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழம் அதிகமானால் வாளி கீழே போய்த் திரும்பி வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நெட்வொர்க்காரர்கள் இந்த ஆழத்தை லேட்டன்சி என்கிறார்கள். தகவல் போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம்.

நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக ஒரு பாக்கெட் போக வேண்டுமானால், ஏறி இறங்க 71,572 கிலோமீட்டர். ஒளியின் வேகத்திலேயே போனாலும் கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவு. பதிலும் அதே வழியில் வர வேண்டும், ஆகக் கிட்டத்தட்ட அரை நொடி. தரையில் இருக்கும் தூரத்தையும் கருவிகளின் தாமதத்தையும் சேர்த்தால் 0.6 நொடி என்று வைத்துக்கொள்ளலாம். இதை எந்தப் பொறியாளராலும் குறைக்க முடியாது. இயற்பியல் போட்ட வரி அது.

0.6 நொடிதானே, காத்திருந்தால் என்ன? ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஆனால் ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கப் பல தடவை போய் வர வேண்டும். முதலில் அந்தப் பெயருக்கு உரிய முகவரி என்ன என்று டிஎன்எஸ் சர்வரிடம் கேட்க ஒரு நடை. பக்கம் இருக்கும் சர்வரோடு தொடர்பு ஏற்படுத்த ஒரு நடை. ரகசியக் குறியீட்டைப் பேசி முடிக்கக் குறைந்தது ஒரு நடை. மூன்று நடை முடிந்தும் பக்கத்தின் ஒரு எழுத்துகூட இன்னும் வரவில்லை.

அதன்பிறகும் அனுப்புகிற சர்வர் முழுப் பக்கத்தையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாது. எதிர்முனை எவ்வளவு தாங்கும் என்று அதற்குத் தெரியாது. அதனால் டிசிபி என்ற விதிமுறை முதலில் பத்து பாக்கெட், அதாவது சுமார் 14 கிலோபைட் மட்டும் அனுப்பிப் பார்க்கும். வந்து சேர்ந்தது என்று பதில் வந்தால் அடுத்த தடவை இருபது, பிறகு நாற்பது. வாளியை ஒவ்வொரு இறைப்பிலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். இந்தக் கணக்கில் ஒரு மெகாபைட் பக்கம் வந்து சேர ஏழு இறைப்பு. முன்னால் சொன்ன மூன்றையும் சேர்த்தால் பத்து. 0.6 நொடி வீதம் ஆறு நொடி. பாதையில் ஆயிரம் மெகாபிட் இருந்தாலும் அந்த ஆறு நொடி ஆறு நொடிதான். அதே பக்கம் சென்னையில் 20 மில்லி நொடி தூரத்தில் இருக்கும் சர்வரிலிருந்து வந்தால் ஐந்தில் ஒரு நொடியில் முடிந்துவிடும். இன்றைய பக்கங்களோ விளம்பரம், எழுத்துரு, வீடியோ என்று பத்து இருபது இடங்களுக்குக் கை நீட்டுபவை. நம் ஊர் டெவலப்பர்கள் வீட்டு ஃபைபரில் சோதித்துப் பார்த்துவிட்டு ‘ஃபாஸ்டாத்தான் இருக்கு’ என்று முடித்துவிடுகிற பக்கங்கள் துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் எப்படித் திறக்கும் என்று யாராவது யோசித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

சரி, இது தாமதத்துக்கான காரணம். பாதை ஏன் காலியாகக் கிடந்தது?

தண்ணீர் லாரி வரும் தெருவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். லாரி வந்துவிட்டது என்று கேட்டதும் எல்லாரும் குடத்தோடு ஓடுகிறார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் அப்புறம் வரலாம் என்று திரும்பிவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் குழாயடி காலியாகிவிடும், ஆனால் காலியான செய்தி வீடுகளுக்குப் போய்ச் சேர நேரமாகும். சேர்ந்ததும் மறுபடி எல்லாரும் சேர்ந்து ஓடி வருவார்கள். உலகெங்கும் இருக்கும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் துவாலுவுக்குப் போகும் ஒரே வாசலில் இப்படித்தான் நடந்துகொண்டன. வாசலில் இருக்கும் ரவுட்டரில் வரிசை நிரம்பி வழிந்தால் பாக்கெட்டுகள் கொட்டிப்போகும். ஆனால் கொட்டிப்போன சேதி அனுப்பியவர்களுக்குத் தெரிய அரை நொடிக்கு மேல் ஆகும். அதுவரை அவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். தெரிந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக வேகத்தைக் குறைப்பார்கள். வரிசை வற்றி, பாதை சும்மா கிடக்கும். மறுபடி எல்லாரும் ஒன்றாக வேகமெடுப்பார்கள். நிரம்புவதும் வற்றுவதுமாக இந்த ஊசலாட்டம் நாள் முழுக்க நடக்கும். கொட்டுவதைத் தடுக்க வரிசைக்கு இடத்தைப் பெரிதாக்கலாமே என்றால், வரிசையில் நிற்கிற நேரம் கூடிக் கிணறு இன்னும் ஆழமாகிவிடும்.

ஸ்பைடல் குழு முயன்ற மருந்து நெட்வொர்க் கோடிங். கொஞ்சம் பள்ளிக்கூட அல்ஜீப்ராவை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். எக்ஸ், ஒய் என்று இரண்டு தெரியாத எண்கள் இருந்தால், கண்டுபிடிக்க இரண்டு சமன்பாடு வேண்டும். மூன்று சமன்பாடு கொடுத்துவிட்டு அதில் ஏதோ ஒன்று தொலைந்தாலும் கவலையில்லை; மீதி இரண்டை வைத்து விடையைப் போட்டுவிடலாம். பாக்கெட்டுகளை அப்படியே அனுப்பாமல், அவற்றைக் கலந்து சமன்பாடுகளாக்கி, தேவைக்கு மேல் சிலவற்றைச் சேர்த்து அனுப்பினால், வழியில் சில கொட்டிப்போனாலும் தீவில் இருக்கும் கருவி முழுவதையும் மீட்டுவிடும். கொட்டிப்போன சேதி அனுப்பியவருக்குப் போகவே போகாது. அவரும் பயந்து வேகத்தைக் குறைக்க மாட்டார். பாதையில் சும்மா கிடக்கும் இடம் இருக்கும் ஊரில் இது உதவும். ஏற்கெனவே விளிம்பு வரை நிரம்பி வழியும் பாதையில் இந்த வித்தைக்கு வேலையில்லை. அங்கே கூடுதல் கொள்ளளவு வாங்குவதைத் தவிர வழியில்லை.

இதற்கு முன்பே செயற்கைக்கோள் நிறுவனங்களிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. வாசலில் ஒரு பெட்டியை வைத்து, தீவிலிருந்து பதில் வருவதற்கு முன்பே அதுவே ‘வந்து சேர்ந்தது’ என்று சர்வருக்குப் பொய்ப் பதில் சொல்லிவிடும். நல்ல பொய்தான். பல வருடம் உலகத்தின் செயற்கைக்கோள் இணையம் இந்தப் பொய்யின் மேல்தான் ஓடியது. ஆனால் இப்போது பெரிய தளங்கள் பயன்படுத்தும் குயிக் என்ற புதிய விதிமுறை (2021-ல் தரப்படுத்தப்பட்டது) இந்தத் தகவல்களையும் பூட்டி அனுப்புகிறது. நடுவில் நிற்கும் பெட்டியால் எதையும் படிக்க முடியாது, பொய் சொல்லவும் முடியாது. அந்தரங்கத்துக்கு நல்லது, ஆழக் கிணற்றுக்காரர்களுக்கு நஷ்டம்.

வாளி போய் கேபிள் வந்தது

குக் தீவுகள் நிலமாகப் பார்த்தால் 15 தீவுகள், சுமார் 240 சதுர கிலோமீட்டர். கடலாகப் பார்த்தால் ஏறக்குறைய இருபது லட்சம் சதுர கிலோமீட்டர். இப்படிச் சிதறிக் கிடக்கும் ஒரு நாடு முதலில் செய்தது கிணற்றின் ஆழத்தைக் குறைத்தது. ஓ3பி என்ற நிறுவனம் 8,062 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களை விட்டபோது, முதல் வாடிக்கையாளர்களில் ஒன்றாகச் சேர்ந்தது ரரோடோங்காவின் தொலைபேசி நிறுவனம். நிலையான செயற்கைக்கோளின் உயரத்தோடு ஒப்பிட்டால் நாலில் ஒரு பங்குகூட இல்லை, 0.6 நொடி என்பது 0.15 நொடிப் பக்கம் வந்தது. நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு கணக்கு உண்டு: இணையம் எட்டாத ‘மற்ற மூன்று பில்லியன்’ மக்கள்.

2020-ல் மனடுவா கேபிள் வந்தது. சமோவா, நியுவே, குக் தீவுகள், பிரெஞ்சு பொலினீசியா என நாலு பேர் சேர்ந்து இழுத்த 3,600 கிலோமீட்டர் கடலடி கேபிள். தனித்தனியாக இவர்களில் யாராலும் தாங்கியிருக்க முடியாது. நியுவேயின் மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. நம்மூரில் நாலு வயல்காரர்கள் சேர்ந்து ஒரு போர்வெல் போடுவார்களே, அதே ஏற்பாடு. சண்டை வராமல் இருக்க யாருக்கு எத்தனை பங்கு, ரிப்பேர் செலவு யார் தலையில் என்பதையெல்லாம் நாலு அரசுகள் உட்கார்ந்து எழுதி முடிக்க வேண்டியிருந்தது.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி நொடி என்று மனதில் வைத்துக்கொண்டால் எந்தத் தீவின் கணக்கையும் நாமே போட்டுவிடலாம். ரரோடோங்காவிலிருந்து ஆக்லாந்து நேர்க்கோட்டில் சுமார் 3,000 கிலோமீட்டர், அதாவது 30 மில்லி நொடி. ஆனால் கேபிள் நேர்க்கோட்டில் போகவில்லை. வடமேற்கே சமோவா போய், அங்கிருந்து 2018-ல் வந்த டுயி-சமோவா கேபிளில் பிஜி போய், பிஜியிலிருந்து பெரிய கேபிளில் தெற்கே இறங்க வேண்டும். கிழக்கே போனால் பிரெஞ்சு பொலினீசியாவின் டஹிடி, அங்கிருந்து 2010-ல் போட்ட கேபிளில் ஹவாய். தூரம் கூடுகிறதுதான். ஆனால் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் இருக்கிறது என்பது தீவுக்காரருக்குச் சாதாரண விஷயமில்லை.

அந்தமானை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் அங்கிருந்து மற்ற தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது; செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அதுவரை அங்கே இருந்தவர்களுக்குச் செயற்கைக்கோள்தான். பின்னால் ஒரு பெரிய அரசு இருந்ததால் அந்தப் பணம் கிடைத்தது. பசிபிக் நாடுகளுக்கு அப்படி யாரும் இல்லை. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று கதவு கதவாகத் தட்ட வேண்டும். கதவைத் திறப்பவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். சாலமன் தீவுகளுக்கான கேபிளைச் சீன நிறுவனம் போடப்போகிறது என்றதும், ஆஸ்திரேலியாவே செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு சிட்னியிலிருந்து 4,700 கிலோமீட்டர் கேபிளை இழுத்துக் கொடுத்தது. கிரிபாட்டி, நவூரு, மைக்ரோனீசியா மூன்றுக்குமான திட்டத்திலும் அதே அரசியல். 2021-ல் டெண்டர் ரத்தாகி, அமெரிக்காவும் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் பணம் போட, 2023-ல் ஜப்பானிய நிறுவனத்துக்கு வேலை போனது.

கொஞ்சம் மலிவான வழி, போகிற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துவது. பெரிய நிறுவனங்கள் கண்டம் விட்டுக் கண்டம் இழுக்கும் கேபிள் நம் பக்கமாகப் போனால், அதில் ஒரு கிளை விடச் சொல்லிக் கேட்கலாம். அட்லாண்டிக்கின் நடுவே சுமார் 4,500 பேர் வாழும் செயின்ட் ஹெலினா இப்படித்தான் கூகுளின் இக்குவியானோ கேபிளில் ஏறிக்கொண்டது; 2021-ல் கேபிள் கரையேறி, 2023 அக்டோபரில் சேவை வந்தது. சுமார் 1,500 பேர் உள்ள டோகலாவ் 2022-ல் சதர்ன் கிராஸின் புதிய கேபிளில் ஏறியது. துவாலுவும் கூகுளின் பசிபிக் கேபிள் ஒன்றிலிருந்து கிளை கேட்டு வாங்கியிருக்கிறது. இதில் நேரம் முக்கியம். கேபிள் வரைபடத்தில் இருக்கும்போதே பேசி முடித்திருக்க வேண்டும். கப்பல் கிளம்பிப் போன பிறகு நடுக்கடலில் கிளை முளைக்காது.

பக்கத்து வீட்டுக்குப் போக வெளிநாட்டுப் பயணம்

இப்போது அந்த மீதிப் பாதி. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான பாதி. ஏனென்றால் இதற்குக் கோடிகள் வேண்டாம்.

ஒரு தீவில் இரண்டு இணைய நிறுவனங்கள் இருக்கின்றன. நீங்கள் ஒன்றின் வாடிக்கையாளர், எதிர் வீட்டுக்காரர் மற்றொன்றின் வாடிக்கையாளர். நீங்கள் அவருக்கு ஒரு கோப்பை அனுப்புகிறீர்கள். இரண்டு நிறுவனங்களும் உள்ளூரில் ஒன்றோடொன்று கம்பி போட்டுக்கொள்ளவில்லை என்றால், கோப்பு கடலைத் தாண்டிச் சிட்னிக்கோ லாஸ் ஏஞ்சல்ஸுக்கோ போய், அங்கே கைமாறி, இன்னொரு வழியாகத் திரும்பிவந்து எதிர் வீட்டில் நுழையும். போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம். அதுவும் உலகத்திலேயே விலை அதிகமான கொள்ளளவில். நம் நாடும் இதற்கு விலக்கில்லை. உள்நாட்டுப் போக்குவரத்து வெளிநாடு போய் வருவதை நிறுத்தத்தான் 2003-ல் நிக்ஸி என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ஆனால் இந்தியாவில் அது வீண் செலவு மட்டும். பத்து ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு சின்னக் குழாயில் குடிக்கும் நாட்டில் அது தாகம்.

இதற்கு மருந்து இணையப் பரிமாற்ற மையம். தொழிலில் இருப்பவர்கள் ஐஎக்ஸ்பி என்பார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, ஒரு சின்ன நாட்டில் அது ஏசி போட்ட அறையில் ஒரு ரேக், அதில் நெட்வொர்க் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒன்றிரண்டு சுவிட்சு. நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒரு கேபிளைக் கொண்டுவந்து செருகி, உள்ளூர்ப் போக்குவரத்தை அங்கேயே மாற்றிக்கொள்ளும். வனுவாட்டு 2013-ல் இதைத் தொடங்கியது. அதன் முதல் கடலடி கேபிள் பிஜியிலிருந்து வந்தது 2014-ல். கேபிள் வரும் முன்பே சந்தையைக் கட்டிவிட்டார்கள், நல்ல புத்தி. பிஜியும் பப்புவா நியூ கினியும் 2017-ல் தொடங்கின. பிஜிக்கு 2000-லிருந்தே பெரிய கேபிள் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு சுவிட்சை ஒரு அறையில் வைக்க ஏன் இத்தனை வருடம்?

தாமதத்துக்குக் காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை. சந்தையில் பெரிய நிறுவனம் என்ன நினைக்கும்? ‘இந்தச் சின்னக் கம்பெனி என் வாடிக்கையாளர்களை அடையணும்னா எனக்குக் காசு கொடுக்கணும். நான் ஏன் சும்மா கை குலுக்கணும்?’ சின்ன நிறுவனங்களுக்கோ, பெரியவரின் கட்டடத்தில் மையம் இருந்தால் சாவி அவர் கையில் என்ற பயம். வரப்புத் தகராறு மாதிரிதான், அளந்து பார்த்தால் இரண்டடி மண். ஆனால் விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. அதனால் நடுவில் ஒரு பொதுவான ஆள் தேவைப்படுகிறது. பிஜியிலும் வனுவாட்டுவிலும் பப்புவா நியூ கினியிலும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையங்கள் அந்த இடத்தில் நின்றன. ஆசிய பசிபிக் பகுதிக்கு இணைய முகவரிகளை வழங்கும் ஏப்னிக் அமைப்பு கருவியும் பயிற்சியும் கொடுத்துக் கூட நின்றது. பல இடங்களில் பேச்சுவார்த்தைக்குப் பிடித்த நேரத்தோடு ஒப்பிட்டால், சுவிட்சைப் பொருத்தும் வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிகிற காரியம்.

உள்ளூர் மின்னஞ்சலும் கோப்பும் எவ்வளவு இருந்துவிடப் போகிறது, பாதிக்கு மேல் யூடியூபும் ஃபேஸ்புக்கும்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். அங்கேதான் மையத்தின் இரண்டாவது பயன். பெரிய வீடியோ நிறுவனங்கள் தங்கள் சரக்கை வாடிக்கையாளருக்குப் பக்கத்திலேயே ஒரு கேச் பெட்டியில் வைத்துத் தருவார்கள். ஒரே பாட்டை ஆயிரம் பேர் பார்த்தால் கடலைத் தாண்டி வருவது ஒரு தடவைதான்; மீதி 999 தடவை உள்ளூர்ப் பெட்டியிலிருந்து வரும். ஆனால் பெட்டியைச் சும்மா வைக்க மாட்டார்கள். குறைந்தபட்சம் இவ்வளவு போக்குவரத்து இருந்தால்தான் அனுப்புவோம் என்பார்கள். ஒரு சின்னத் தீவின் மூன்று நிறுவனங்கள் தனித்தனியாகப் போய்க் கேட்டால் மூவருக்கும் கிடையாது என்ற பதில்தான். மையத்தில் ஒன்றாகச் சேர்ந்து, மொத்தக் கணக்கைக் காட்டினால் கதவு திறக்க வாய்ப்புண்டு. போட்டியாளர்கள் ஒன்றுசேர இதைவிட நல்ல காரணம் கிடையாது.

பெட்டி வந்த பிறகும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். யார் எந்தக் கேச்சிலிருந்து எடுக்க வேண்டும் என்பதைப் பல வீடியோ நிறுவனங்கள் வாடிக்கையாளரின் டிஎன்எஸ் சர்வர் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத் தீர்மானிக்கின்றன. தீவின் இணைய நிறுவனம் சோம்பேறித்தனமாக அமெரிக்காவில் இருக்கும் டிஎன்எஸ் சர்வரை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து வைத்திருந்தால், இவர் அமெரிக்காக்காரர் போல என்று நினைத்து வீடியோ நிறுவனம் அங்கிருந்தே படத்தை அனுப்பும். பக்கத்து அறையில் பெட்டி நிறையச் சரக்கு இருக்கும், சாப்பாடு மட்டும் கலிபோர்னியாவிலிருந்து பார்சல் வரும். உள்ளூரில் ஒரு நல்ல டிஎன்எஸ் சர்வர் வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரின் விலை.

38 நாள்

2022 ஜனவரி 15. டோங்காவின் ஹுங்கா டோங்கா-ஹுங்கா ஹாபாய் எரிமலை கடலுக்கடியில் வெடித்தது. பிஜியிலிருந்து டோங்காவுக்கு 2013-ல் போட்ட 827 கிலோமீட்டர் கேபிள்தான் வெளியுலகத்துக்கு அந்த நாட்டின் ஒரே கண்ணாடி இழை. அது அறுந்தது. ஒரு லட்சம் பேரின் நாடு உலக வரைபடத்திலிருந்து காணாமல் போனது போல ஆகிவிட்டது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருந்த டோங்கா மக்களுக்குத் தெரியவில்லை. பழுதுபார்க்கும் கப்பல் நின்றது பப்புவா நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பியில். அது வந்து, அறுந்த துண்டுகளைச் சாம்பலுக்கும் சேற்றுக்கும் அடியில் தேடி, எண்பது கிலோமீட்டருக்கு மேல் புதிதாகப் போட்டு முடித்தபோது பிப்ரவரி 22. டோங்காவின் தீவுகளுக்கு நடுவே ஓடிய உள்நாட்டுக் கேபிளின் சேதம் இன்னும் மோசம். வவாவுவும் ஹாபாயும் அடுத்த வருடம்தான் கேபிளில் திரும்ப இணைந்தன.

எரிமலை அபூர்வம். ஆனால் 2019 ஜனவரியிலும் இதே கேபிள் அறுந்து ஏறக்குறைய இரண்டு வாரம் நாடு தவித்தது. அப்போது சந்தேகம் விழுந்தது ஒரு கப்பலின் நங்கூரத்தின் மீது. நங்கூரமும் மீன்பிடி வலையும் எங்கும் உண்டு. ஒற்றை நூலில் தொங்குகிறவர் எரிமலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் வேகமும் சேர்ந்து வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கேபிள் அறுந்த நாளில் என்ன மிஞ்சும்? ஊருக்குள் எது இருந்ததோ அது மட்டும் மிஞ்சும். அரசு அலுவலகங்களின் மின்னஞ்சல் சிட்னியில் ஒரு கிளவுடில் இருந்தால், ஒரே கட்டடத்தின் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் கடிதம் போகாது. நாட்டுப் பெயருக்கான டிஎன்எஸ் வெளிநாட்டில் மட்டும் இருந்தால், மருத்துவமனையின் சர்வர் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்தாலும் யாருக்கும் அதன் முகவரி தெரியாது. பரிமாற்ற மையமும், உள்ளூர் டிஎன்எஸ்ஸும், சில அத்தியாவசிய சர்வர்களும் ஊருக்குள் இருந்தால், நல்ல நாளில் அவை வேகம் கொடுக்கும். கெட்ட நாளில் நாட்டுக்குள்ளாவது பேசிக்கொள்ள வழி கொடுக்கும்.

டோங்காவுக்கு இரண்டாவது நூலும் வருகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹவாய், அமெரிக்கா என்று 2018-ல் போட்ட ஹவாய்க்கி கேபிளில் டோங்காவுக்காக ஒரு கிளை முனை அப்போதே விடப்பட்டிருந்தது. பஸ் நின்றுவிட்டது, ஏற ஆள் வரவில்லை என்ற நிலை. எரிமலைக்குப் பிறகுதான் அந்த முனையிலிருந்து வவாவுவுக்கு இழுக்கும் திட்டத்துக்குப் பணமும் வேகமும் வந்தன.

வானத்தில் ஒரு புதுக் குழப்பம்

எரிமலை வெடித்த சில வாரங்களில் பிஜியில் ஒரு தரை நிலையம் அமைத்து டோங்காவுக்கு உதவ வந்தது ஸ்டார்லிங்க். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள். கிணறு என்ற பேச்சே இல்லை, தொட்டி என்று சொல்லலாம். 2024-ல் உள்நாட்டுக் கேபிள் மறுபடி அறுந்து வவாவு தவித்தபோது, அனுமதி இல்லை என்று நிறுத்தச் சொல்லியிருந்த ஸ்டார்லிங்கை அரசே பயன்படுத்திக்கொள்ளச் சொன்னது. வெளித் தீவுகளில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. 800 பேர் இருக்கும் பவளத்தீவுக்கு யாரும் கேபிள் போடப் போவதில்லை. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

தலைநகரில்தான் சிக்கல். நுகுஅலோஃபாவில் கேபிள் இணைப்பை விட்டுவிட்டு ஒருவர் கூரையில் டிஷ் வைக்கிறார். அவர் கட்டிய மாதச் சந்தா இனி உள்ளூர் நிறுவனத்துக்குப் போகாது. ஆனால் கேபிளின் கடனும் பராமரிப்புச் செலவும் குறையாது. மீதி வாடிக்கையாளர்களின் தலையில் ஏறும். அவர்களில் வசதியுள்ளவர் அடுத்த டிஷ்ஷை வாங்குவார்.

பாக்கெட்டின் பாதையும் மாறிவிடும். டிஷ் வைத்த வீட்டிலிருந்து எதிரே உள்ள அரசு அலுவலகத்தின் சர்வருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினால், அது செயற்கைக்கோளுக்கு ஏறி, வேறொரு நாட்டின் தரை நிலையத்தில் இறங்கி, ஆக்லாந்திலோ சிட்னியிலோ கைமாறி, 827 கிலோமீட்டர் கேபிள் வழியாகத் திரும்பி வந்து சாலையைக் கடக்கும். பத்து வருடம் பேசிப் பேசிச் சண்டை தீர்த்து உள்ளூரில் கட்டிய சுவிட்சை அது தொடவே தொடாது. கேபிள் அறுந்த நாளில் டிஷ்காரருக்கு வெளியுலகமும் அலுவலகத்துக்கு உள்ளூரும் கிடைக்கலாம், ஒருவருக்கு ஒருவர் மட்டும் பேச முடியாது.

இதற்கும் வழி இருக்கிறது, புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். தீவிலேயே ஒரு தரை நிலையம், அதிலிருந்து பரிமாற்ற மையத்தின் ரேக்குக்கு ஒரு ஃபைபர். உரிமம் கொடுக்கும்போதே அதை நிபந்தனையாக எழுதிவிடலாம். ஒரு லட்சம் பேர் உள்ள நாடு நிபந்தனை போட்டால் உலகம் முழுக்கச் சேவை விற்கும் நிறுவனம் உட்கார்ந்து கேட்குமா என்பது வேறு கேள்வி. மனடுவா கேபிளுக்கு நாலு பேர் சேர்ந்தது போல, இந்தப் பேச்சுக்கும் பத்துத் தீவு நாடுகள் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனால் கேட்கலாம்.